மாத்திரை போதும்போது ஊசி எதற்கு?

காஞ்சீபுரத்துப் பட்டு நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. நெய்து கொடுத்த சேலைக்குத்தான் கூலி. ஒரு நாள் தறி நின்றால் அன்றைய கூலி போனது போனதுதான்.

கோர்வைச் சேலை என்றால் சங்கடம் இரட்டிப்பு. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு துணை ஆள் உட்கார வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆள்தான் உட்காருவார். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பேர் வேலை நிற்கிறது.

அதனால் தறி வீட்டிலிருந்து டாக்டரிடம் போகிறவர் முதலில் கேட்பது என்ன?

"ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர். நாளைக்குக் காலையிலே தறியிலே உட்காரணும்."

டாக்டர் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால் முகம் வாடிவிடுகிறது. "ஊசியே போடலை. இவர் என்ன டாக்டர்?" என்று அடுத்த தெரு டாக்டரைத் தேடிப் போகிறவர்களும் உண்டு.

இது காஞ்சீபுரத்தில் மட்டும் உள்ள பழக்கம் அல்ல. தமிழ்நாடு முழுவதும் உண்டு. இந்தியா முழுவதும் உண்டு. ஆனால் மருத்துவ உலகம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. மாத்திரையே போதும் என்று தெரிந்த இடங்களில் ஊசி மருந்துகளைப் பட்டியலிலிருந்து எடுத்து வருகிறார்கள். இந்திய சர்க்கார் 2022-ம் ஆண்டில் வெளியிட்ட மருந்துப் பட்டியலிலும் இது நடந்தது.

ஏன் எடுத்தார்கள்? அதனால் நம் வீட்டுக்கு என்ன லாபம்?

பட்டியல் என்றால் என்ன?

கடையில் ஆயிரக்கணக்கான மருந்துகள் இருக்கின்றன. எல்லாம் எல்லாருக்கும் வேண்டியவை அல்ல. மளிகைக் கடையில் நூறு சாமான் இருந்தாலும், அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் இல்லாமல் வீடு நடக்காது அல்லவா? அது போல, மக்களுக்குக் கட்டாயம் தேவையான மருந்துகளைப் பொறுக்கி எடுத்து எழுதியதுதான் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்.

உலக சுகாதார நிறுவனம் 1977-ம் ஆண்டில் இப்படிப்பட்ட பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. இந்தியா தன் பட்டியலை 1996-ம் ஆண்டில் வெளியிட்டது.

இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. 1994-ம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. பட்டியலில் உள்ள மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, கிடங்குகளில் வைத்து, சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் வேலை அதனுடையது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்கு புத்தகம் போல ஒரு பாஸ் புத்தகம். எந்த மருந்து எவ்வளவு எடுத்தார்கள் என்று அதில் பதிவாகும். பின்னால் கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் கழகங்களை அமைத்தன.

பட்டியலில் இருக்கும் மருந்துதான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்து சேரும். மத்திய சர்க்கார் பட்டியலில் உள்ள மருந்துக்கு விலை உச்சவரம்பும் உண்டு. ஆகவே பட்டியலில் ஒரு வரி மாறினால், கடைசியில் அது நம் வீட்டு வாசலுக்கு வந்து சேருகிறது.

ஊசிக்கு ஏன் இத்தனை மதிப்பு?

இந்த மதிப்பு காரணமில்லாமல் வந்ததல்ல. 1940-களில் பென்சிலின் வந்தது. ஊசியாக வந்தது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அடுத்து ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அதுவும் ஊசிதான். க்ஷயரோகம் என்று நம் பாட்டனார் காலத்தில் சொன்ன காசநோய்க்கு முதல் நல்ல மருந்து அது. அதைக் கண்ணால் கண்ட தலைமுறை, "ஊசி என்றால் பலம்" என்று நம்பியதில் தவறு இல்லை.

ஆனால் பலம் மருந்தில் இருக்கிறது. ஊசி, மருந்து உள்ளே போகும் வழி. மாத்திரை இன்னொரு வழி. மாத்திரை வயிற்றில் கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில்தான் சேருகிறது. ஊசி மருந்தும் அதே இரத்தத்தில்தான் சேருகிறது. சாதாரணக் காய்ச்சலுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறிது நேரம்தான்.

இன்னொரு மயக்கமும் உண்டு. சாதாரண விஷக்காய்ச்சல் பெரும்பாலும் சில நாளில் தானாகவே இறங்கும். நாம் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, மூன்றாம் நாள் டாக்டரிடம் போகிறோம். ஊசி போடுகிறார். நாலாம் நாள் காய்ச்சல் இறங்குகிறது. பெயர் யாருக்கு? ஊசிக்கு!

ஊசியோடு வரும் ஆபத்து

2002 முதல் 2004 வரை இந்தியா முழுவதும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி ஊசிகள் போடப்படுவதாக அதில் தெரிந்தது. ஆளுக்குச் சராசரி கிட்டத்தட்ட 3 ஊசி. அதில் 100-க்கு 63 ஊசிகள் பாதுகாப்பற்ற முறையில் போடப்பட்டவை!

பாதுகாப்பற்ற ஊசி என்றால் என்ன? ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசியைப் போடுவது. பயன்படுத்திய ஊசியைக் கண்ட இடத்தில் எறிவது. ஒருவர் இரத்தத்தில் உள்ள கிருமி அந்த ஊசி வழியாக அடுத்தவர் உடம்புக்குள் போய்விடும்.

குஜராத் மாநிலம் மோடாசாவில் 2009-ம் ஆண்டில் மஞ்சள் காமாலை வகையைச் சேர்ந்த ஹெபடைடிஸ்-பி நோய் திடீரென்று பரவியது. பலர் உயிரிழந்தார்கள். பயன்படுத்திய ஊசிகளைத் திரும்பப் பயன்படுத்தியதே காரணம் என்று கண்டுபிடிக்கப்பட்டது.

பாகிஸ்தானில் ரத்தோடேரோ என்ற ஊரில் 2019-ம் ஆண்டில் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் உடம்பில் எய்ட்ஸ் கிருமி இருப்பது தெரிய வந்தது. பெற்றோரில் பெரும்பாலோருக்கு அந்தக் கிருமி இல்லை! சளிக்கும் காய்ச்சலுக்கும் போட்ட ஊசிகள் வழியாக அது பரவியிருந்தது.

கிருமி இல்லாத புது ஊசியாக இருந்தாலும், இடம் தவறினால் ஆபத்துதான். இடுப்புக்குக் கீழே தொடைப் பக்கம் ஒரு பெரிய நரம்பு ஓடுகிறது. ஊசி அதில் பட்டால் பாதம் தொங்கிவிடக்கூடும். குழித்தறியில் கால்தான் மிதியை மிதிக்க வேண்டும். கால் போனால் தறியும் போனது. குழந்தைகளுக்குச் சதை குறைவு. ஆகவே அவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

எகிப்து தரும் பாடம்

நைல் நதிக் கரையில் ஒரு நோய் உண்டு. தண்ணீரில் நிற்கும் விவசாயிகளின் தோல் வழியாக ஒரு சிறு புழு உடம்புக்குள் புகுந்துவிடும். அதை ஒழிக்க எகிப்து சர்க்கார் 1950-களிலிருந்து கிராமம் கிராமமாக ஊசி போட்டது. நல்ல எண்ணத்தோடு போட்ட ஊசிதான். ஆனால் கண்ணாடி ஊசிக் குழல்களைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பலருக்கும் போட்டார்கள்.

1980-களில் அந்தப் புழுவுக்கு மாத்திரை வந்தது. ஊசி நின்றது. ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ்-சி கிருமி ஊசி வழியாக நாடெங்கும் பரவியிருந்தது. 2008-ம் ஆண்டில் எடுத்த கணக்கில், 15 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களில் 100-க்குச் சுமார் 15 பேர் இரத்தத்தில் அந்தக் கிருமியின் தடயம் இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. ஹெபடைடிஸ்-சி நோய்க்கும் அப்போது ஊசிதான் மருந்து. இன்டர்பெரான் என்று பெயர். வாரம் ஒரு ஊசி. சிலருக்கு 48 வாரம் வரை. போட்டால் காய்ச்சல், உடல்வலி, சோர்வு. அவ்வளவு பாடுபட்டும் பலருக்குக் குணமாகவில்லை. 2013-ம் ஆண்டுக் கடைசியில் சோபோஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறொரு மாத்திரையோடு சேர்த்து 12 வாரம் சாப்பிட்டால் 100-க்குச் சுமார் 95 பேருக்குக் குணம்!

எகிப்து 2018-ம் ஆண்டில் கோடிக்கணக்கான மக்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை கொடுத்தது. இந்தியாவும் அதே ஆண்டு ஜூலை 28-ந் தேதி தேசிய ஈரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் இந்த மாத்திரைகள் இலவசம்.

ஊசி பரப்பிய நோயை மாத்திரை தீர்த்தது!

சென்னை காட்டிய வழி

நம் ஊர் இதில் பின்தங்கி இருக்கவில்லை. உலகத்துக்கே வழி காட்டியது சென்னைதான்.

1956-ம் ஆண்டில் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போவது? சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் வைத்தியம். இன்னொரு பிரிவுக்கு வீட்டிலேயே வைத்தியம். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, வாய் வழியாகவே கொடுத்தார்கள்.

1959-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. "ஓலைக் குடிசையில் இருந்துகொண்டே காசநோயைக் குணமாக்கலாம்" என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அந்த நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

ஆனாலும் காசநோயில் ஊசி முழுவதும் போய்விடவில்லை. சாதாரண மருந்துக்கு அடங்காத முரட்டுக் காசநோய் உண்டு. அதற்குக் கனாமைசின் என்ற ஊசி போட்டார்கள். வாரத்தில் 6 நாள். 6 மாதம் முதல் 9 மாதம் வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 ஊசிக்கு மேல் வருகிறது!

வலி ஒரு பக்கம். தினம் ஆஸ்பத்திரிக்கு நடப்பது ஒரு பக்கம். எல்லாவற்றையும் விடக் கொடுமை, அந்த ஊசி பலருடைய காதைக் கெடுத்தது. நோய் போயிற்று, காதும் போயிற்று!

மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் என்ற பத்திரிகையாளர் 2013-ம் ஆண்டில் இப்படித்தான் காது கேட்கும் சக்தியை இழந்தார். தென் ஆப்பிரிக்காவின் புமேசா டிசிலே என்ற பெண்ணுக்கும் அதே கதி. இரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை. ஊசிக்குப் பதிலாகப் பெடாகுயிலின் என்ற மாத்திரை வந்திருந்தது. அதன் விலை அதிகம். அதைத் தயாரித்த கம்பெனி தன் காப்புரிமையை இந்தியாவில் இன்னும் சில ஆண்டு நீட்டிக்கக் கேட்டது. இருவரும் 2019-ம் ஆண்டில் எதிர் மனு போட்டார்கள். 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் கோரிக்கையை நிராகரித்தது. மற்றக் கம்பெனிகளும் அந்த மாத்திரையைத் தயாரிக்க வழி பிறந்தது.

காது போன இரண்டு பெண்கள், மற்றவர்கள் காதைக் காப்பாற்றப் போராடி வென்றார்கள்!

2022-ல் என்ன மாறியது?

உலக சுகாதார நிறுவனம் 2018-ம் ஆண்டில், கனாமைசின், கேப்ரியோமைசின் ஆகிய இரண்டு ஊசிகளும் இனி வேண்டாம் என்று சொன்னது. இந்திய சர்க்கார் 2022-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி புதிய பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 384 மருந்துகள். 34 மருந்துகள் புதிதாகச் சேர்ந்தன. 26 மருந்துகள் நீங்கின.

நீங்கியவற்றில் கனாமைசின் உண்டு. கேப்ரியோமைசின் உண்டு. ஹெபடைடிஸ்-சி நோய்க்குப் போட்ட இன்டர்பெரான் ஊசியும் உண்டு. சேர்ந்தவற்றில் காசநோய்க்கான பெடாகுயிலின், டெலாமனிட் மாத்திரைகள் உண்டு.

2024-ம் ஆண்டு செப்டம்பரில் இன்னொரு நல்ல செய்தி. முரட்டுக் காசநோய்க்கு நான்கு மாத்திரைகளைச் சேர்த்து 6 மாதத்தில் முடிக்கும் புதிய வைத்தியத்துக்கு இந்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. முன்பு இந்த நோய்க்கு 2 ஆண்டு வரை வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நெசவுக் குடும்பத்துக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே பட்டியலில் புதிய ஊசி மருந்துகளும் சேர்ந்திருக்கின்றன. நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரு வகை இன்சுலின் சேர்ந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் சேர்ந்தது. பட்டியல் எழுதியவர்களுக்கு ஊசி மேல் பகை இல்லை. எங்கே மாத்திரை போதுமோ அங்கே மாத்திரை. எங்கே ஊசிதான் உயிர் காக்குமோ அங்கே ஊசி. இதுதான் அவர்கள் கணக்கு. நம் கணக்கும் அதுவாகவே இருக்க வேண்டும்.

ஊசி கட்டாயம் வேண்டிய இடங்கள்

இதைப் படித்துவிட்டு யாரும் ஊசியே வேண்டாம் என்று கிளம்பிவிடக் கூடாது.

குழந்தைகளுக்கான தடுப்பூசிகளைத் தவறாமல் போட வேண்டும். நாய் கடித்தால் தடுப்பூசி உடனே போட வேண்டும். பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து ஊசியாகத்தான் உண்டு. பிரசவத்தில் இரத்தப் போக்கை நிறுத்தும் ஊசி தாயின் உயிரைக் காப்பாற்றும். இன்சுலின் போடச் சொன்னால் போடத்தான் வேண்டும். வாந்தி நிற்காதவருக்கும், நினைவு தப்பியவருக்கும் மாத்திரை கொடுக்க முடியாது. அங்கே ஊசிதான் வழி.

குளுக்கோஸ் ஏற்றினால்தான் தெம்பு வருமா?

ஊசிக்கு அடுத்தபடி நம் ஜனங்கள் விரும்புவது குளுக்கோஸ் ஏற்றுவது. கொஞ்சம் அசதி என்றாலும் "ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்க" என்கிறார்கள்.

1971-ம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பன்கான் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்து போனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு காரியம் செய்தார். உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைத் தண்ணீரில் கரைத்து வாய் வழியாகக் கொடுக்கச் சொன்னார். தாய்மாரும் உறவினருமே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். முன்பு 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது!

இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் அந்த வகைக் கரைசலுக்குத்தான். பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில், முழுவதையும் கரைக்க வேண்டும். குறைத்தும் கூட்டியும் கரைக்கக் கூடாது. பேதி கண்ட குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை சோர்ந்து கண் குழி விழுந்தால், குடிக்க மறுத்தால், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இனி நடக்க வேண்டியது

பட்டியலைத் திருத்தியதோடு வேலை முடிந்துவிடாது. இன்னும் மூன்று காரியங்கள் பாக்கி இருக்கின்றன.

முதலாவது, மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். மாத்திரை இல்லாத நாளில் ஊசி திரும்பி வந்துவிடும். கிடங்கிலிருந்து கடைசி ஆரம்ப சுகாதார நிலையம் வரை மருந்து தடையில்லாமல் போக வேண்டும்.

இரண்டாவது, கணக்குப் பார்க்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு மருந்து எடுக்கிறது என்ற பதிவு மருத்துவப் பணிகள் கழகத்திடம் இருக்கிறது. ஒரே அளவு நோயாளிகள் வரும் இரண்டு நிலையங்களில் ஒன்று மட்டும் மிக அதிகமாக ஊசி மருந்து எடுத்தால், ஏன் என்று கேட்கலாம். செலவில்லாத கேள்வி இது.

மூன்றாவது காரியம் தனியார் டாக்டர்களைப் பற்றியது. சர்க்கார் பட்டியல் அவர்கள் கையைக் கட்டாது. ஊசி போடாத டாக்டரை நோயாளி விட்டுப் போகிறார். போடுகிற டாக்டரிடம் கூட்டம் சேருகிறது. இந்த நிலையில் டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயன் என்ன? கேட்கிறவர் மாறினால் கொடுக்கிறவரும் மாறுவார்.

அந்த மாறுதல் வீட்டில் தொடங்க வேண்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மூன்று கேள்விகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"டாக்டர், இதற்கு மாத்திரை போதுமா?"

"ஊசிதான் என்றால், என்ன மருந்து என்று சீட்டில் எழுதித் தருகிறீர்களா?"

"புது ஊசிதானே? என் கண் முன்னால் உறையைப் பிரிப்பீர்களா?"

மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊசியே கேட்கும் நோயாளிகளுக்கு நடுவில் இப்படி ஒருவர் கேட்டால் அவருக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.

பட்டு வாங்க வருகிறவர் சரிகையைத் திருப்பிப் பார்க்கிறார். கோர்வையை இழுத்துப் பார்க்கிறார். பத்துக் கேள்வி கேட்டுத்தான் பணத்தை எடுக்கிறார். உடம்பு பட்டை விட மலிவானதா? அதற்காக மூன்று கேள்வி கேட்கலாம்.